இனத்தைக் கேட்ட பிறகே பதில் சொல்லும் பக்கம்: வீவக இன விகிதச் சரிபார்ப்புச் சேவை பற்றி

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு தேடுபவர்கள் விலை, மாடி, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்பவற்றை எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், தம் இனத்தவர் அந்தப் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இப்போது வீடு வாங்க முடியுமா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருப்பதுதான் காரணம். வாங்க முடியுமா என்று சொல்வதற்கென்றே, அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நம் பேச்சில் வீவக, தன் இணையத்தளத்தில் கட்டணமில்லாத ஒரு சிறிய சரிபார்ப்புச் சேவையை வைத்திருக்கிறது. அக்கா மகளுக்குத் திருமணம் முடிவாகி, அவளும் மாப்பிள்ளையும் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீடு தேடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை திறந்து மூடியிருப்பேன் என்று கணக்கில்லை. மாப்பிள்ளை சீனர் என்பதால் ஒவ்வொரு புளோக்குக்கும் இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. அந்த இரட்டை வேலைதான் இந்தச் சேவையின் பலத்தையும் பலவீனத்தையும் எனக்குக் காட்டிக்கொடுத்தது என்பதால், வீடு தேடும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பக்கத்தின் வேலை மிக எளிது. புளோக் எண், சாலையின் பெயர், வாங்குபவரின் இனம், அவர் குடிமகனா நிரந்தரவாசியா என்ற விவரங்களைக் கொடுத்தால், எந்த இனத்தைச் சேர்ந்த விற்பனையாளரிடமிருந்து வாங்கலாம் என்ற பதில் சில நொடிகளில் வந்துவிடும். விற்பவர் பார்த்தால், யாருக்கெல்லாம் விற்கலாம் என்று தெரியும். அலங்காரமோ விளம்பரமோ இல்லாத, அரசாங்கப் படிவத்தின் முகத்தைக் கொண்ட பக்கம் அது. தரவு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. சொத்து முகவர் சொல்லும் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தையை நம்பி வீடு பார்க்கப் போய்க் கால் வலிக்க நடப்பதைவிட, இந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் செலவிடுவது எவ்வளவோ மேல். வேகத்துக்கும் எளிமைக்கும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் விதியைத் தெரிந்துகொள்ளாதவருக்குப் பக்கம் எதையும் விளக்குவதில்லை. அந்த விதியின் பெயர் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 மார்ச் 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்து அதை அறிவித்தவர் எஸ். தனபாலன். ஒவ்வோர் இனத்துக்கும் பேட்டை (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரம்) அளவில் ஓர் உச்சவரம்பும், புளோக் அளவில் ஓர் உச்சவரம்பும் உண்டு. சீனர்களுக்குப் பேட்டையில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களையும் பிற இனத்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்து முதலில் 10, 13 என்று வைத்திருந்தார்கள். 2010 மார்ச்சில் அது 12, 15 என்று உயர்த்தப்பட்டது. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இனத்தோடு சேர்த்துப் பேட்டையில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்ற தனி வரம்பும் அதே மாதத்தில் வந்தது. தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கு இன வரம்பு எதுவும் கிடையாது.

பலர் இதை இட ஒதுக்கீடு என்று தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் மச்சானே "நமக்கென்று பதினைந்து வீடு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா?" என்று கேட்டார். ஒதுக்கி வைப்பது எதுவும் இல்லை. இவை மேல் எல்லைகள் மட்டுமே. நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கில் மூன்று எல்லைகளையும் கூட்டினால் 127 வருகிறது. ஆகையால் ஓர் இனத்தவர் ஒருவரும் இல்லாமலேயே கூட ஒரு புளோக் விதிக்கு உட்பட்டு இருக்க முடியும். ஓர் இனத்தின் எண்ணிக்கை எல்லையைத் தொட்ட பிறகு, அந்த எண்ணிக்கையை மேலும் கூட்டும் விற்பனை மட்டுமே தடுக்கப்படுகிறது. அதனால்தான் ஒரே இனத்தைச் சேர்ந்த இருவருக்கு இடையிலான விற்பனைக்கு இன வரம்பால் எந்த மாதத்திலும் தடை வருவதில்லை. அங்கே ஒரு குடும்பம் போய் அதே இனத்து இன்னொரு குடும்பம் வருவதால் விகிதம் மாறுவதில்லை.

இதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்த்தால்தான் யாருக்கு என்ன நேர்கிறது என்பது விளங்கும். சீனர் எல்லையைத் தொட்டுவிட்ட ஒரு புளோக்கில் ஒரு சீனக் குடும்பமும் ஒரு தமிழ்க் குடும்பமும் ஒரே மாடியில், ஒரே அளவுள்ள வீட்டை ஒரே நேரத்தில் விற்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். சீனக் குடும்பம் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். தமிழ்க் குடும்பத்தின் வீட்டை எந்தச் சீனரும் வாங்க முடியாது. நாட்டின் குடியிருப்பாளர்களில் 74.3 விழுக்காட்டினர் சீனர்கள் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனவே அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சந்தைதான். அந்தக் கால் பங்கிலும், அந்த வட்டாரத்தில், அந்த விலையில், அந்த மாதத்தில் வீடு தேடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வாங்க வருகிறவருக்கும் இது தெரியும். விலையைக் குறைத்துக் கேட்பார். ஒன்றாக வாழ வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான நோக்கம். ஆனால் அதற்கான செலவைச் சீனர் பெரும்பான்மையாக உள்ள புளோக்கில் வந்து குடியேறி, உண்மையிலேயே கலந்து வாழ்ந்த சிறுபான்மைக் குடும்பம்தான் விற்கும் நாளில் கொடுக்கிறது. இந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெருடுவது இதுதான்.

அரசாங்கமும் இதை மறுக்கவில்லை. எல்லை காரணமாக விற்க முடியாமல் நியாயமாகத் தவிக்கும் உரிமையாளர்களிடமிருந்து வீவக தானே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, தனித்தனி முறையீடுகளைப் பரிசீலித்து விலக்கு அளிக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் சரிபார்ப்புப் பக்கத்தில் "சீனருக்கு விற்க முடியாது" என்ற பதிலைப் பார்த்து நிற்கும் ஒருவருக்கு, இப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதை அதே இடத்தில், அதே எழுத்தளவில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கொள்கை ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு இந்தச் சேவையை மதிப்பிடுவதும் நியாயமாகாது. 1822இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டமே சீனர்களுக்கு ஒரு பக்கம், சூலியா கம்பம் என்று நம் தென்னிந்திய வணிகர்களுக்கு ஒரு பக்கம், கம்போங் கிளாமில் மலாய்க்காரர்களுக்கும் அராபியர்களுக்கும் ஒரு பக்கம் என்று இனவாரியாகக் கோடு போட்டுப் பிரித்தது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களைக் கண்ட தலைமுறை இன்னமும் நம் வீடுகளில் இருக்கிறது. 1960இல் வீவக தொடங்கப்பட்டுக் கம்பத்து (கிராமத்து) வீடுகள் அடுக்குமாடிகளாக மாறியபோது மக்கள் கலந்து குடியேற்றப்பட்டார்கள். ஆனால் மறுவிற்பனைச் சந்தை வளர வளர, அவரவர் தத்தம் இனத்தவர் இருக்கும் இடம் தேடி நகரத் தொடங்கினார்கள். 1980களின் இறுதியில் பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களில் மலாய்க்காரர்கள் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்ததாகவும், ஹவ்காங்கில் சீனர்கள் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்ததாகவும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதால், இந்தப் போக்கை விட்டிருந்தால் பள்ளி, சந்தை, புளோக்கின் கீழ்த்தளம் என்று எல்லாமே மீண்டும் இனவாரியாகப் பிரிந்திருக்கும் என்ற கவலையில் அர்த்தம் இருக்கிறது. நான் வளர்ந்த புளோக்கில் ஒரே நடைவழியில் மூன்று மொழிகள் கேட்டன. நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், தீபாவளிக்கு முறுக்கு இங்கிருந்து அங்கே போகும். அது தானாக அமைந்ததாகவே பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த "இந்தியர்/பிறர்" என்ற பெட்டிக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, அவர்களுக்குப் பேட்டை எல்லை 22. சீனர்கள் 74.3, பேட்டை எல்லை 84. இந்தியர்கள் 9 விழுக்காடு, பிற இனத்தவர் 3.2, இரண்டையும் கூட்டினால் 12.2 வருகிறது. ஆனால் இந்த இரு பிரிவினருக்கும் சேர்த்துப் பேட்டை எல்லை 12. மக்கள்தொகை விகிதமும் வீட்டு எண்ணிக்கையின் விகிதமும் ஒன்றல்லதான். இந்தியர்களில் ஒரு பகுதியினர் தனியார் வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும், மற்ற இரண்டு இனங்களுக்கும் தம் பங்குக்கு மேல் எட்டு, பத்துப் புள்ளிகள் மூச்சுவிட இடம் இருக்கும்போது, நம் பெட்டியில் மட்டும் மூடி தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஈசூன், செம்பவாங் போன்ற இடங்களில், அந்நாள் கடற்படைத்தளத்தின் காலத்திலிருந்தே இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் வட்டாரங்களில், தமிழர்கள் வீடு தேடும்போது இந்த மூடி உடனே தட்டுப்படுகிறது.

அந்தப் பெட்டிக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. தஞ்சாவூரில் வேர் உள்ள என் குடும்பமும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மலையாளிகளும், பஞ்சாபியரும், யுரேஷியரும், நேற்று குடியுரிமை பெற்ற ஐரோப்பியரும் ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்கிறோம். பக்கத்துக்கு எங்கள் எல்லாருடைய பெயரும் ஒன்றுதான்.

குடும்ப வாழ்க்கைக்குள் இந்த எண்கள் நுழைவதை அக்கா வீட்டில் நேரில் பார்த்தேன். பெற்றோருடன் சேர்ந்து வாழ்வதற்காக மறுவிற்பனை வீடு வாங்கும் தம்பதிக்கு 30,000 வெள்ளியும், பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளியும் அரசாங்கம் மானியமாகத் தருகிறது. தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் முதியவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரு கை "அருகில் வாருங்கள்" என்று மானியத்தை நீட்டுகிறது. இன்னொரு கை "இந்தப் புளோக்கில் உங்கள் இனம் நிறைந்துவிட்டது" என்று தடுக்கிறது. அம்மா அப்பா வீட்டைச் சுற்றி மகள், தம்பி, சித்தப்பா என்று நாலைந்து வீடுகள் தள்ளி வாழ்வதை விரும்பும் இந்தியக் குடும்பங்களுக்கும் மலாய்க் குடும்பங்களுக்கும் இந்த முரண் அதிகமாக உறைக்கிறது. சீனக் குடும்பங்களுக்கும் அதே விருப்பம் உண்டு. ஆனால் அவர்களுடைய எல்லை எட்டாத புளோக்குகள் அக்கம்பக்கத்தில் கிடைப்பதற்கான வாய்ப்பு கூடுதல்.

கலப்புத் திருமணத் தம்பதிக்கு விதி ஒரு சலுகை தருகிறது. கணவன், மனைவி இருவரில் யாருடைய இனத்தின் கீழ் வேண்டுமானாலும் வீட்டை வாங்கலாம். ஆனால் எந்த இனத்தில் வாங்கினார்களோ அதே இனத்தில்தான் பின்னால் விற்க வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து அக்கா மகளின் மடிக்கணினியில் இரண்டு பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை உருவானது: ஒன்று "நாங்கள் இந்தியர் என்றால்", மற்றொன்று "நாங்கள் சீனர் என்றால்". சீனர் எல்லை நிறைந்த புளோக்கில் இந்தியக் குடும்பமாக நுழைவது எளிது, யாரிடமிருந்தும் வாங்கலாம். ஆனால் வெளியேறும்போது சீனருக்கு விற்க முடியாது. அதே புளோக்கில் சீனக் குடும்பமாக நுழைய வேண்டுமானால் சீன விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க முடியும். ஆனால் விற்கும்போது யாருக்கும் விற்கலாம். மாறாக, இந்தியர் எல்லை நிறைந்த புளோக்கில் இந்தியக் குடும்பமாக நுழைவது கடினம், நுழைந்துவிட்டால் வெளியேறுவது எளிது. நுழைவாசல் அகலமாக இருந்தால் வெளிவாசல் குறுகிவிடுகிறது என்பதை அந்தச் சிறுபெண் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அக்காவோ, கல்யாணப் பேச்சு தொடங்கிய காலத்தில் "சீனப் பையனா?" என்று முகம் சுருக்கியவள், இப்போது அதே பையனின் இனம் எந்தப் புளோக்கில் லாபம் என்று விசாரிக்கிறாள்.

2011 முதல் குழந்தைகளுக்கு இரட்டை இன அடையாளத்தைப் பதிவுசெய்ய முடிகிறது. "இந்தியர்-சீனர்" என்றோ "சீனர்-இந்தியர்" என்றோ எழுதிக்கொள்ளலாம். வீடு வாங்கும்போது முதலில் எழுதப்பட்ட இனம் மட்டுமே கணக்கில் வரும். எனவே பிறக்கப்போகும் குழந்தையின் பத்திரத்தில் ஒரு கோட்டின் இடதுபுறம் என்ன எழுதுவது என்பது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் கழித்து அது எந்தப் புளோக்கில் வீடு வாங்கலாம் என்பதைத் தொடும் முடிவாகிவிடுகிறது. இவ்வளவு நுணுக்கமான நிலைமைக்குச் சரிபார்ப்புப் பக்கம் எந்த உதவியும் செய்வதில்லை. கலப்புக் குடும்பம் என்று ஒரு தெரிவு வைத்து, இரு இனங்களுக்குமான பதிலை, வாங்குவதற்கும் விற்பதற்கும் சேர்த்து, ஒரே திரையில் காட்டினால் போதும். நாட்டில் கலப்புத் திருமணங்கள் அரிதாக இருந்த காலத்தின் மனநிலையிலேயே படிவம் நின்றுவிட்டது.

சமூக மனப்பான்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கி விற்பதில் விகிதத்தைக் கட்டிக் காக்கும் இந்த ஏற்பாடு, வாடகை அறைகளின் பக்கம் வருவதே இல்லை. முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதில் மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு 2014 முதல் வரம்பு உண்டு என்றாலும், அது குடியுரிமையைப் பார்க்கிறதே தவிர இனத்தைப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஊரிலிருந்து வேலைக்கு வந்த என் பெரியப்பா பேரனுக்கு அறை தேடியபோது, தொலைபேசியில் இனிமையாகப் பேசிய முகவர் ஒருவர், பெயரைக் கேட்டதும் "வீட்டுக்காரர் சமையல் வாசனை பற்றிக் கவலைப்படுகிறார்" என்று இழுத்தார். பையனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம். "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே வெளிப்படையாக எழுதுவது இப்போது குறைந்திருக்கிறது. வாயால் சொல்வது குறைந்ததா என்பதை வாடகைக்கு அறை தேடுகிறவர்களிடம் கேட்டால் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. கறி (மசாலாக் குழம்பு) வாசனை பற்றி எழுந்த ஒரு அண்டைவீட்டுத் தகராறு செய்தியாகி, ஓர் இந்தியக் குடும்பம் அண்டைவீட்டார் வெளியே போயிருக்கும்போது மட்டும் கறி சமைக்க ஒப்புக்கொண்டது என்ற தகவல் 2011இல் பரவியபோது, ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் வீட்டில் கறி சமைப்போம் என்று அழைப்பு விடுத்துப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களில் இந்தியர் அல்லாதவர்களும் இருந்தார்கள். ஒரே நடைவழியில் முப்பது ஆண்டு வாழ்ந்து பழகியதற்கும் அந்த ஆதரவுக்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொள்கையை முற்றாக எடுத்துவிடுங்கள் என்று நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.

இனத்தைக் கேட்கும் வேறொரு அரசாங்கச் சேவையோடு ஒப்பிட்டால் இந்தப் பக்கத்தின் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சுகாதார ஆய்வுகளிலும் இங்கே இனம் கேட்கப்படுகிறது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு நோய் சீனர்களில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2 என்று வெளியானது. அந்த எண் நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் சோற்றின் அளவைக் குறைக்க வைத்தது, எத்தனை பேரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியது என்பது பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அங்கே இனத்தைச் சொன்னோம், பதிலுக்கு ஒரு தகவல் கிடைத்தது. இந்தப் பக்கத்தில் இனத்தைச் சொன்னால் "முடியும்", "முடியாது" என்ற விடை மட்டும்தான். எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, இந்தப் புளோக் கடந்த ஓராண்டில் எத்தனை மாதம் நிறைந்திருந்தது, தடுப்பது புளோக் எல்லையா பேட்டை எல்லையா என்ற எதுவும் தெரிவதில்லை. வாழ்நாள் சேமிப்பையும் மசேநிதியையும் (மத்திய சேமநிதி) கொட்டி வாங்கும் ஒரு பொருளைப் பற்றி, பத்தாண்டு கழித்து விற்க முடியுமா என்று மதிப்பிட இந்தத் தகவல்கள் அவசியம். அண்டைவீட்டாரின் இனத்தைத் துல்லியமாக எண்ணிக் காட்டினால் அதைப் பார்த்தே மக்கள் ஒதுங்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. எனவே துல்லிய எண் வேண்டாம். "எல்லைக்கு அருகில்" என்ற ஒரு மஞ்சள் எச்சரிக்கை போதும்.

பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது இன்னொரு குறை. நான்கு அதிகாரபூர்வ மொழிகள் உள்ள நாட்டில், இனத்தைக் கேட்கும் ஒரு பக்கமாவது நான்கு மொழிகளில் இருக்கலாம். வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாற நினைக்கும் முதியவர்கள்தான் இதை அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகளின் தயவையோ முகவரின் வாயையோ நம்ப வேண்டியிருக்கிறது. புதிய பிடிஓ (விண்ணப்பத்துக்கு ஏற்பக் கட்டப்படும்) வீடுகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும்: வீடுகள் மிச்சமிருந்தாலும், தம் முறை வரும்போது தம் இனத்துக்கான எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். அங்கே ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்துக்கு எத்தனை வீடு எஞ்சியிருக்கிறது என்று காட்டுகிறார்கள். அதே வெளிப்படைத்தன்மையில் பாதியாவது மறுவிற்பனைப் பக்கத்துக்கு வரக்கூடாதா?

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சொல்லும் பதில் சரியாகவும் விரைவாகவும் இருக்கிறது என்பதற்கு அந்த மூன்று. சொல்லாமல் விடுவது விற்பவரின் பையைத் தொடுகிறது என்பதால் இரண்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

பயன்படுத்தப்போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வாங்கும் விருப்ப ஆவணத்துக்கு (வீட்டை வாங்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு நமக்குத் தரும் ஒப்பந்தம்) 1,000 வெள்ளிக்கு மிகாத முன்பணம் கொடுத்த பிறகு, முடிவெடுக்க 21 நாள் அவகாசம் உண்டு. மாதத்தின் நடுவில் ஆவணம் வாங்கினால் அந்த 21 நாளுக்குள் அடுத்த மாதத்தின் முதல் தேதி வந்து, விகிதம் புதுப்பிக்கப்பட்டு, முன்பு "முடியும்" என்றிருந்த பதில் மாறிவிடலாம். மறுவிற்பனை விண்ணப்பம் போய்ச் சேரும்போதுள்ள நிலைதான் செல்லும். ஆகையால் முன்பணம் கொடுக்கும் அன்றும், விண்ணப்பிக்கும் அன்றும், இரண்டு முறையும் பக்கத்தைத் திறந்து பார்த்து, தேதியோடு திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் ஈசூனில் ஒரு வீட்டை முடிவுசெய்துவிட்டாள்; அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், ஒரு மலாய்க் குடும்பம் விற்கிறது, இப்போதைக்கு எந்த இனத்தில் பார்த்தாலும் "முடியும்" என்றுதான் வருகிறது. இந்தியக் குடும்பமா, சீனக் குடும்பமா என்ற பத்தி மட்டும் அவளுடைய அட்டவணையில் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி காலையில் இருவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு நிரப்பப்போகிறார்களாம்.